கனடாவின் வடபகுதியில் உள்ளூர் மொழி ஒலிபரப்பு

கேள்வி:
கனடாவின் வடபகுதிக்கு 1970-களில் தொலைக்காட்சி சென்றபோது, இக்லூலிக் என்ற, இனுவிட் (ஆர்க்டிக் பழங்குடியினர்) மக்களின் சிற்றூர் அதை ஏற்க மறுத்ததாகப் படித்தேன். அதற்குக் காரணம் என்ன? பொது ஒலிபரப்பு நிறுவனமான சிபிசி அங்கே உள்ளூர் மொழிகளில் என்ன தருகிறது?

மறுமொழி 1:
உண்மைதான். 1972-இல் அனிக் செயற்கைக்கோள் ஏவப்பட்ட பின் வடக்கே சென்று சேர்ந்தவை பெரும்பாலும் தெற்கில் தயாரான ஆங்கில நிகழ்ச்சிகளே. இனுவிட் மக்களின் மொழியான இனுக்டிடுட்டில் ஏறக்குறைய எதுவுமே இல்லாத நிலையில், தங்கள் பிள்ளைகள் மொழியை மறந்துவிடுவார்கள் என்று அஞ்சிய இக்லூலிக் மக்கள் 1975-இலும் 1979-இலும் வாக்களித்து அதை நிராகரித்தனர். 1981-இல் இனுவிட் ஒலிபரப்புக் கழகம் உருவாகி, சொந்த மொழி நிகழ்ச்சிகள் வரத் தொடங்கிய பிறகே, 1983-இல் இசைவு தெரிவித்தனர். தொலைக்காட்சியை அல்ல, பிறர் மொழித் தொலைக்காட்சியைத்தான் அவர்கள் மறுத்தார்கள் என்பது என் கருத்து.

மறுமொழி 2:
சிபிசியின் வடபகுதிச் சேவை 1958-இல் தொடங்கியது. அதன் வானொலி எட்டுப் பழங்குடி மொழிகளில் ஒலிக்கிறது. ‘இகலாக்’ என்ற தொலைக்காட்சிச் செய்தி இனுக்டிடுட்டில் வருகிறது. ஊர்களை இணைக்கும் சாலைகளே இல்லாத நுனாவுட் என்ற வட ஆட்சிப்பகுதியில், வேட்டைக்குப் புறப்படுவோருக்கு வானொலியில் தம் மொழியில் வரும் வானிலை அறிவிப்பு எவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

மறுமொழி 3:
இனுவிட் ஒலிபரப்புக் கழகத்தின் ‘டகுகினாய்’ நிகழ்ச்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பொம்மைகள் பேசி, சிறுவர்களுக்கு இனுக்டிடுட் எழுத்துகளைக் கற்பிக்கும். பெரியவர்களும் விரும்பிப் பார்க்கலாம்.