அணைக்கட்டுக்கு அடியில் திரும்பி இழுக்கும் நீர்: 'மறிசுருள்' பொருந்துமா?

> 'அடிச்சுழி' என்றே வைக்கலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். சுழி பம்பரம்போல நின்று சுற்றுவது. நடுவில் குழி தெரியும், ஆள் தானே ஒதுங்குவார். தடுப்பணைக்கு அடியில் நடப்பது வேறு. வழிந்து விழும் நீர் அடிக்குப் போய், தரையோடு ஓடி, சற்றுத் தள்ளி மேலே பொங்குகிறது. பொங்கியதில் ஒரு பங்கு ஆற்றோடு போகும். மறுபங்கு மேற்பரப்பில் சுவரை நோக்கித் திரும்பி, விழும் நீரோடு மறுபடி அடிக்குப் போகும். சுருட்டிய பாயை ஆற்றுக்குக் குறுக்கே போட்டு நின்ற இடத்திலேயே உருட்டுவதுபோல. அணை எவ்வளவு நீளமோ பெரும்பாலும் இதுவும் அவ்வளவு நீளம். பக்கவாட்டில் வழி கிடைப்பது அரிது.

அதனால் 'மறிசுருள்'. மறிதல் என்றால் மடங்கித் திரும்புதல். 'மறிதிரை' பழைய வழக்கு. 'நீர்த்தாவல்' (hydraulic jump) என்ற சொல்லும் போதாது: அது வேகநீரின் மட்டம் திடீரென உயர்வதைத்தான் சொல்கிறது, திரும்பும் ஓட்டம் அதில் இல்லை. போகும் நீரும் திரும்பும் நீரும் பிரிகிற கோட்டுக்குப் 'பொங்குவரி' எனலாம். பரிசல்காரருக்கு எல்லை அதுதான். ஆளைக் காப்பாற்றக் கீழ்ப்புறமிருந்து வந்தாலும், பொங்குவரியைத் தாண்டினால் பரிசலும் சுவரடிக்குப் போய்விடும்.

பவானிசாகர் அணையில் உபரிநீர் திறந்தால், ஆற்றில் கீழே உள்ள கொடிவேரித் தடுப்பணையில் குளிக்கத் தடை போடுகிறார்கள். வேகத்துக்காக மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பொதுவாக எந்தத் தடுப்பணையிலும் நீர் குறைவாக வழியும்போது விழுந்தது தளத்தில் பரவி ஓடிவிடும். அணைக்குக் கீழ்ப்புற நீர்மட்டம் ஏற ஏற வீழ்ச்சியின் உயரம் குறைந்து, பார்வைக்குச் சாதுவாகும். மறிசுருள் வலுப்பது அப்போதுதான். இன்னும் பெருவெள்ளம் வந்தால் அணையே மூழ்கிச் சுருள் கலைந்துவிடும். இடுப்புயரத் தடுப்பணைகூட ஆளைப் பிடித்து வைக்கும் என்பதைச் சொல்லாத எந்தச் சொல்லும் அரைகுறைதான்.

கரையிலிருந்தே பார்க்கலாம்: காய்ந்த தேங்காய் மட்டை ஒன்றை மேலே ஆற்றில் விடுங்கள். வழிந்து விழுந்ததும் ஓடிப்போனால், அதை வைத்து மட்டும் ஆபத்தில்லை என்று சொல்ல முடியாது. முங்கி, எழுந்து, சுவரடிக்கே வந்து, மறுபடி முங்கினால் அது மறிசுருள்.

---

ஐயா, விளக்கம் சரிங்க. ஆனால் நம்ம பக்கம் 'மறி' என்றால் ஆடு. இல்லாவிட்டால் 'வழியை மறிச்சுட்டான்' என்கிற மறித்தல். 'திரும்புசுருள்' என்றால் எச்சரிக்கைப் பலகையில் படித்ததும் விளங்குமே?

---

மறித்தல் என்று கேட்டாலும் கெடுதல் இல்லைங்க. ஆளை வெளியே விடாமல் மறிப்பதும் அதன் வேலைதானே. 'திரும்பு' நீளம், கூட்டுச்சொல்லுக்கு வளையாது. மறிசுருள் வீச்சு (சுவரிலிருந்து பொங்குவரி வரையுள்ள தூரம்), மறிசுருள் ஆழம் என்று நீட்டிப் பாருங்கள்.

பலகைக்குக் கலைச்சொல் போதாது என்பதை ஏற்கிறேன். சிக்கியவர் ஆற்றுப்போக்கில் மேலாக நீந்தினால் சுருள் பின்னுக்கே இழுக்கும், நுரைநீர் ஆளைச் சரியாகத் தாங்காது. பக்கவாட்டில் விளிம்பு இருந்தால் அங்கே நகரலாம். இல்லையென்றால் மூச்சடக்கி அடிநீரோடு போய்ப் பொங்குவரிக்கு அப்பால் எழுவதுதான் மிச்சமுள்ள வழி, அதுவும் உறுதியில்லை. கரையில் இருப்பவர் குதிக்கக் கூடாது. காலியான, மூடி இறுக்கிய 5 லிட்டர் எண்ணெய்க் கேனைக் கயிற்றில் கட்டி வீச வேண்டும்; கயிற்றைத் தன் இடுப்பிலோ மணிக்கட்டிலோ சுற்றிக்கொள்ளக் கூடாது. பலகையில் மேலே 'மறிசுருள்', அடியில் இப்படிப் போடலாம்: "இங்கே தண்ணீர் திரும்பி உள்ளே இழுக்கும். இறங்காதீர். கயிறு வீசுங்கள்."