நீலகிரி மலை ரயிலில் நீராவிப் பயணம்: ஏறியவர்கள், படம் பிடித்தவர்கள் சொல்லுங்கள்

கோவையிலிருந்து:

மேட்டுப்பாளையத்துக்கு அடுத்த நிலையமான கல்லாறு தாண்டியதும் பல் தண்டவாளம் தொடங்குகிறது. அந்த இடத்தில் வண்டி நடைவேகத்துக்கு இறங்கிவிடும். எஞ்சினுக்கு அடியில் இருக்கும் பல்சக்கரம், இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பதித்திருக்கும் இரும்புப் பற்களில் சரியாக உட்கார வேண்டும். உட்காரும் வரை ஓட்டுநர் அவசரமே படமாட்டார். உட்கார்ந்த அடுத்த நொடி வண்டியின் சத்தம் முழுதாக மாறிவிடும். அந்த மாற்றத்தை ஒழுங்காகப் பதிவு செய்யத்தான் எங்கள் குழு இந்த முறை போனது.

இணையத்தில் இந்த ரயிலின் வீடியோக்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பெரும்பாலானவற்றில் புகையும் பாலமும் இருக்கும், சத்தம் இருக்காது. அதன்மேல் ஏதாவது பாட்டைப் போட்டுவிடுகிறார்கள். எனக்கு இது உண்மையிலேயே வருத்தம். இந்த ரயிலை ஓட்டும் எக்ஸ் வகை நீராவி எஞ்சின் என்ன வேலை செய்கிறது என்பதைக் கண்ணைவிடக் காதுதான் நன்றாகச் சொல்லும்.

ஏன் என்று சொல்கிறேன். சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் வடிவமைத்த எஞ்சின் இது. நான்கு சிலிண்டர்கள்: பக்கத்துக்கு இரண்டு, ஒன்றின்மேல் ஒன்று. பாய்லரிலிருந்து வரும் நீராவி முதலில் கீழ் சிலிண்டர்களுக்குப் போய்ச் சாதாரணச் சக்கரங்களை ஓட்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு வரை அதோடு அதன் வேலை முடிந்தது, புகைபோக்கி வழியாக வெளியே போய்விடும். பல் தண்டவாளத்தில் ஏறியதும் அதே நீராவி வெளியே போகாமல் மேல் சிலிண்டர்களுக்குப் போய்ப் பல்சக்கரத்தையும் சுழற்றும். நடுவில் பற்சக்கர இணைப்பு இருப்பதால் மேலே உள்ள தண்டுகள் கீழே உள்ளவற்றைவிட வேகமாக, எதிர்த்திசையில் சுழலும். அதுவரை சும்மா இருந்த தண்டுகள் அவை. அதனால்தான் வண்டி நகர்வது மெதுவாக இருந்தாலும் எஞ்சின் படபடவென்று மூச்சு விடுகிறது. 12-க்கு 1 என்ற ஏற்றத்தில் (12 மீட்டர் போனால் 1 மீட்டர் உயரம்), மணிக்கு சுமார் 13 கிலோமீட்டர் வேகத்தில், இந்தச் சத்தத்தோடுதான் குன்னூர் வரை ஏறுகிறோம்.

நாங்கள் இரண்டாகப் பிரிந்தோம். பாதிப் பேர் வண்டியில், மீதிப் பேர் காரில். எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கம்தான் இருக்கும். ஏறும்போது பின்னாலிருந்து தள்ளும். அதனால் சத்தம் வேண்டுமென்றால் கடைசிப் பெட்டி, காட்சி வேண்டுமென்றால் முதல் பெட்டி. மைக்கைக் கடைசிப் பெட்டியில் ஜன்னலுக்கு உள்ளேயே துணி சுற்றி வைத்தோம். வெளியே நீட்டினால் காற்றுதான் பதிவாகும், பாறைகளும் கை நீட்டினால் இடிக்கும் தூரத்தில் இருக்கின்றன. காரில் போனவர்கள் வழியில் உள்ள ரன்னிமேடு நிலையத்தில் வண்டியைப் படம் பிடித்தார்கள். மேல் தண்டுகள் சுழல்வதை ஸ்லோ மோஷனில் எடுக்க அது நல்ல இடம்.

ஹில்குரோ நிலையத்தில் எஞ்சின் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது டீயும் வடையும் கிடைக்கும். வடையைக் குரங்கிடமிருந்து காப்பாற்றுவது உங்கள் பாடு.

எங்களுடையது குழுவாகப் பணம் கட்டி ஏற்பாடு செய்த சிறப்பு ரயில். வழக்கமான வண்டிக்குக் குன்னூரில் நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் மாட்டுவார்கள். எங்களுக்கு ஊட்டி வரை எக்ஸ் எஞ்சினே வந்தது. குன்னூருக்கு மேல் பல் தண்டவாளம் கிடையாது, மேல் சிலிண்டர்கள் மறுபடியும் ஓய்ந்துவிடும். கேத்தி பள்ளத்தாக்கின் காரட் தோட்டங்களுக்கு மேலே, கற்பூர மரங்களுக்கு நடுவே அந்தத் தனி மூச்சு எவ்வளவு தூரம் கேட்கிறது தெரியுமா! கேத்தி நிலையத்தில் கார்டின் அனுமதியோடு இறங்கி நின்று பதிவு செய்தோம். பறவைச் சத்தம், தூரத்தில் ஒரு நாய், அப்புறம் விசில். எடிட்டிங்கில் நான் எதையும் தொடப்போவதில்லை.

குகைக்குள், அதாவது மலைச் சுரங்கப்பாதைக்குள், போகும்போது எல்லோரும் கத்துவதைப் பற்றிக் குழுவில் ஒரு வாக்குவாதம் வந்தது. பதிவு கெட்டுப்போகிறது, அமைதியாக இருக்கச் சொல்லலாம் என்றார்கள் சிலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. 16 குகைகளிலும் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் கத்திக்கொண்டுதான் போகிறார்கள். அதுவும் இந்த ரயிலின் சத்தம்தான்.

சரி, உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்.

குன்னூரிலிருந்து:

ரன்னிமேடு பற்றி எழுதியதற்கு நன்றி. நான் காட்டேரிப் பக்கம்தான் குடியிருக்கிறேன். படம் எடுக்க வருபவர்கள் எல்லோரும் எஞ்சினை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். பெட்டிக்குப் பெட்டி வெளித்தளத்தில் நிற்கும் பிரேக்ஸ்மேன்களையும் எடுங்கள். எஞ்சின் பின்னால் இருப்பதால் ஓட்டுநருக்கு முன்பாதை தெரியாது. முதல் பெட்டியில் கொடியோடு நிற்பவர்தான் அவருக்குக் கண். வளைவில் அவர் பச்சைக்கொடியை வெளியே நீட்டினால் பின்னால் இருப்பவர் அதைப் பார்த்து நீட்டுவார். இப்படியே எஞ்சின் வரை செய்தி போகும். விசில் கேட்டதும் அத்தனை பேர் கையும் பிரேக் சக்கரத்துக்குப் போவதைப் பாருங்கள். 208 வளைவுகள் உள்ள பாதை இது. மழைக்கோட்டின் ஓரத்தில் தண்ணீர் சொட்டச் சொட்ட, உட்காரக்கூட முடியாமல் நின்றுகொண்டே வருவார்கள்.

என் மாமா பாதை பராமரிப்பில் வேலை பார்த்தவர். மழைக்காலத்தில் வண்டிக்கு முன்பே பாதையில் நடந்துபோய்க் கல், மரம் எதுவும் விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவார்கள். கல்லாறு பக்கம் யானை நிற்கும். அதனால் ஒரு வேண்டுகோள்: நல்ல ஷாட் கிடைக்கும் என்று யாரும் தண்டவாளத்தில் நடந்து காட்டுக்குள் போகாதீர்கள். அங்கே நடப்பவர்களுக்கு அது வேலை, அவர்களுக்கு வழி தெரியும், யானையின் வாசனையும் தெரியும்.

திருச்சியிலிருந்து:

அப்பா பொன்மலைப் பணிமனையில் பாய்லர் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். விண்டர்தூரிலிருந்து வந்த பழைய எஞ்சின்களைப் போலவே புதிதாகப் பொன்மலையிலேயே எக்ஸ் எஞ்சின்கள் செய்தார்களே, அது பலருக்குத் தெரிவதில்லை. முதலில் எண்ணெயில் ஓடுபவை, பிறகு நிலக்கரியில் ஓடுவதும். வெளிநாட்டுக்காரன் செய்து கொடுத்ததை நாம் ஓட்டுகிறோம் என்று யாராவது பேசினால் அப்பாவுக்குக் கோபம் வந்துவிடும்.

போன கோடையில் அவரை மேட்டுப்பாளையம் கூட்டிப்போனேன். எல்லோரும் செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்க, அப்பா எஞ்சினின் பக்கவாட்டில் நின்று தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். என்னப்பா என்றேன். "பேசாம இரு, நாலு அடியும் ஒரே சீரா விழுதா பாரு" என்றார். அடி என்றால் சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு எஞ்சின் விடும் நாலு மூச்சுச் சத்தம். வண்டி நகர்ந்து கொஞ்ச தூரம் போன பிறகுதான் என்னிடம் திரும்பினார். "வால்வு நல்லா செட் பண்ணிருக்காங்க." முகம் முழுக்கச் சந்தோஷம். மேலே எழுதியவர் காதால் பார்க்க வேண்டிய எஞ்சின் என்கிறார், அப்பாவுக்கு இதைப் படித்துக் காட்டினேன். அந்தக் கல்லாறு பதிவை அவசியம் அனுப்பச் சொல்கிறார்.

சென்னையிலிருந்து:

நான் மலை ரயிலில் இன்னும் ஏறியதில்லை. ஆனால் இஐஆர் 21 எழும்பூரிலிருந்து கோடம்பாக்கம் வரை ஓடியபோது நேரில் பார்த்திருக்கிறேன். 1855-ல் இங்கிலாந்தின் லீட்ஸில் செய்த எஞ்சின். காட்சிப்பொருளாக நின்றிருந்ததைப் பெரம்பூர் பணிமனையில் சரிசெய்து 2010-ல் மறுபடி ஓடவைத்தார்கள். அது ஓடுவதைப் பார்ப்பதே பெரிய பாக்கியம். ஆனால் பக்கத்துப் பாதையில் மின்சார ரயில் ஹாரன், நடைமேடையில் கூட்டம், என் வீடியோவில் எஞ்சின் சத்தம் ஒரு இடத்திலும் தெளிவாக இல்லை. மலையில் அந்தச் சத்தத்தைத் தனியாகக் கேட்க முடியும் என்பதே எனக்குப் போதும். சிறப்பு ரயில் ஏற்பாடு செய்ய வசதியில்லாதவர்கள் வழக்கமான வண்டியில் போனால் கிடைக்குமா? எப்போது போவது நல்லது?

கோவையிலிருந்து:

திருச்சி நண்பருக்கு: கல்லாறு பதிவை இன்று இரவே அனுப்புகிறேன். அப்பா கேட்டுவிட்டு என்ன சொல்கிறார் என்று கட்டாயம் எழுதுங்கள், அவர் கருத்து எங்களுக்கு ரொம்ப முக்கியம்.

சென்னை நண்பருக்கு: தாராளமாகக் கிடைக்கும். பல் தண்டவாளப் பகுதி முழுக்க வழக்கமான வண்டியிலேயே நீராவிதான். காலை 7.10-க்கு மேட்டுப்பாளையத்திலிருந்து கிளம்புகிறது. சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் வந்தால் இறங்கி ஏறிக்கொள்ளலாம். சீட்டு சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்பதிவு திறந்ததுமே போடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மண்சரிவால் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே அடிக்கடி ரத்தாகும், அதைத் தவிர்த்துவிடுங்கள். ஜனவரி, பிப்ரவரி என்றால் காலைக் குளிரில் நீராவி வெள்ளையாக, அடர்த்தியாக நிற்கும், படத்துக்கும் நல்லது. குன்னூரில் எஞ்சினைக் கழற்றும்போது இறங்கி முன்னால் போகாமல் நடைமேடையிலேயே நில்லுங்கள். எஞ்சின் உங்களைத் தாண்டித் தனியாகப் போகும், பக்கத்திலிருந்தே எடுக்கலாம்.