காயம்பட்ட முன்னாள் வீரர்களுக்கு நன்கொடை: கொடுக்கலாமா, கூடாதா?

எதிர்க்காற்று:
காயத்தால் ஆட்டத்தை விட்ட தொழில்முறை வீரர்களுக்கு உதவச் சொல்லி அடிக்கடி வேண்டுகோள் வருகிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. அடிபடும் என்று தெரிந்துதான் களத்தில் இறங்குகிறார்கள், அதற்குச் சம்பளமும் வாங்குகிறார்கள். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்த கட்டடத் தொழிலாளிக்கு யார் உண்டியல் குலுக்குகிறார்கள்? ஊரில் இருக்கிற கொஞ்சநஞ்ச நன்கொடையும் முகம் தெரிந்தவர் பக்கமே போய்விடுகிறது.

மாலைவெயில்:
சம்பளம் என்றதும் நமக்கு நட்சத்திரங்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். பிரிட்டனில் பந்தயக் குதிரை ஓட்டும் ஜாக்கிகளைப் பாருங்கள். ஓட்டத்துக்கு இவ்வளவு என்று கூலி, விழுந்தால் அன்றோடு வருமானம் நின்றது. 1963 டிசம்பரில் டிம் ப்ரூக்‌ஷா, 1964 கிராண்ட் நேஷனல் குதிரைப் பந்தயத்தில் பேடி ஃபாரல் என்று அடுத்தடுத்து இருவர் விழுந்து முடங்கிப்போனார்கள். அதன் பிறகுதான் காயமடைந்த ஜாக்கிகளுக்கென ஒரு நிதியம் பிறந்தது. வாழ்த்து அட்டை விற்றுக்கூடப் பணம் சேர்த்தார்கள். இன்று அது மூன்று மறுவாழ்வு மையங்களை நடத்துகிறது. அங்கே சிகிச்சை பெற பெரிய பெயர் தேவையில்லை. நீங்கள் சொன்ன 'முகம் தெரிந்தவர்' பிரச்சினைக்கு இப்படிப்பட்ட பொது நிதியம்தான் பதில்.

நடுக்கோடு:
நான் வீரர்கள் பக்கம்தான், ஆனால் நன்கொடைக்கு எதிரி. பணம் தர வேண்டியது லீக். அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். மூளைக் காயம் தொடர்பான வழக்கில் 2013-இல் 76.5 கோடி டாலர் தருவதாக ஒப்புக்கொண்டது. இந்தத் தொகை எல்லோருக்கும் போதுமா என்று நீதிபதியே சந்தேகப்பட்டார். அப்புறம்தான் உச்சவரம்பை எடுத்தார்கள், 2015-இல் ஒப்புதல் கிடைத்தது. அதற்குப் பிறகும் கறுப்பின வீரர்களின் மறதியை அளக்க வேறு அளவுகோல் வைத்திருந்தார்கள். அதைக் கைவிட 2021 வரை ஆனது! ஒவ்வொரு படியும் சண்டை போட்டு வாங்கியது. ரசிகர்கள் உண்டியலில் போட்டுக்கொண்டே இருந்தால் லீக் ஏன் அசையப் போகிறது?

மாலைவெயில்:
சரி, வழக்கு போடட்டும். தீர்ப்பு வரும்வரை மருந்துக்கும் வாடகைக்கும் என்ன வழி? என்எஃப்எல் வீரர் மைக் வெப்ஸ்டர் அந்த லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை நான்கு முறை வென்றவர். ஓய்வுக்குப் பின் நினைவு தடுமாறி, வண்டிக்குள் படுத்துத் தூங்கிய நாட்களும் உண்டு. 2002-இல் 50 வயதில் இறந்தார். ஊனத் தொகையை எந்த ஆண்டிலிருந்து கணக்கிட வேண்டும் என்று ஓய்வூதியத் திட்டத்தோடு நடந்த வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் குடும்பத்தின் பக்கம் தீர்ப்பு சொன்னது 2006-இல். வென்ற பணத்தை அவரால் தொடக்கூட முடியவில்லை. எதிர்க்காற்று, தெரிந்துதான் இறங்கினார் என்கிறீர்களே, முட்டி போகும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். மூளை சிதையும் என்று எவர் சொன்னார்? அவர் உடலைப் பரிசோதித்த மருத்துவர் பென்னட் ஒமாலு கண்டுபிடித்த பிறகுதானே அமெரிக்கக் கால்பந்தில் அந்த நோய் பேச்சுக்கே வந்தது.

எதிர்க்காற்று:
தெரியாத ஆபத்து என்றால் அது வேறு கணக்கு. ஆனால் குத்துச்சண்டை? அங்கே தலையில் அடிப்பதுதான் ஆட்டமே. அதற்கும் நாம் பொறுப்பா?

இரவுப்பணி:
நான் மருத்துவத் தாதி. படுத்தபடுக்கையாகக் கிடக்கும் ஒருவரைப் பராமரிப்பது எப்படி என்று சொல்கிறேன். படுக்கைப்புண் வராமல் இருக்க ஏறக்குறைய இரண்டு மணிக்கொரு தரம் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், நடுராத்திரியிலும்தான். சிறுநீர்க் குழாயை அவ்வப்போது பார்க்க வேண்டும், குதிகாலும் இடுப்பும் சிவந்திருக்கிறதா என்று தினமும் தடவிப் பார்க்க வேண்டும். இதைச் செய்கிறவர் வேறு வேலைக்குப் போகவே முடியாது. குத்துச்சண்டை வீரர் ஜெரால்ட் மெக்லெல்லன் 1995-இல் லண்டனில் நைஜல் பென்னோடு மோதியதில் மூளையில் ரத்தம் கட்டிப் பார்வையை இழந்தார். அன்றிலிருந்து பார்த்துக்கொள்வது அவருடைய சகோதரிகள். அவர்கள் எந்த ஆபத்துக்கும் கையெழுத்துப் போடவில்லையே ஐயா. குத்துச்சண்டையில் வழக்குப் போட ஒரே லீக் என்று ஒன்றும் கிடையாது. நன்கொடையும் கூடாது என்றால் அவர்கள் யாரிடம் போவார்கள்?

நடுக்கோடு:
இது நியாயமான கேள்வி. என் யோசனை இது: நிதியம் இப்போதே பணம் தரட்டும், ஆனால் முன்பணமாக. பாதிக்கப்பட்டவர் சார்பில் வழக்கையும் அதுவே நடத்தட்டும். இழப்பீடு வந்தால் கொடுத்ததை எடுத்துக்கொண்டு மீதியைக் குடும்பத்துக்குத் தரட்டும். வழக்குப் போட ஆளில்லாத குத்துச்சண்டை மாதிரி இடங்களில் ஒவ்வொரு போட்டியின் டிக்கெட் வசூலிலும் ஒரு பங்கைக் கட்டாயமாக எடுக்க வேண்டும்.

எதிர்க்காற்று:
டிக்கெட்டில் எடுப்பதை முழு மனதோடு ஏற்கிறேன், பார்த்து ரசித்தவர்கள் தருகிறார்கள். ஆனால் அதை நடைமுறைக்குக் கொண்டுவரும்வரை பொதுமக்களிடம் கேட்பதென்றால் ஒரு நிபந்தனை: யார் வாங்கினார்கள், எதற்கு வாங்கினார்கள் என்ற கணக்கு வெளியே வர வேண்டும்.

இரவுப்பணி:
தொகையை வெளியிடுங்கள், தணிக்கை செய்யுங்கள். வாங்கியவர் பெயரையும் நோயையும் மட்டும் வெளியிடாதீர்கள். அப்படி வெளியிட்டால், உதவி தேவைப்படுகிறவர்களில் பாதிப் பேர் கேட்கவே வரமாட்டார்கள்.