டொமைனில் சேர மறுத்த கணினிகள்: டெல்டா அலுவலகங்களில் கண்டவை

கும்பகோணத்திலிருந்து ஓர் உறுப்பினர்:

தஞ்சை, திருவாரூர் மாவட்டங்களில் உள்ள சிறு அலுவலகங்களுக்குக் கணினிப் பராமரிப்பு செய்து வருகிறேன். மேட்டூர் அணையைத் திறந்து குறுவைப் பணி தொடங்கிவிட்டால் உர மொத்த வியாபாரிகளின் அலுவலகங்களில் பில் போடுகிறவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அப்படிப்பட்ட சமயத்தில்தான் பாபநாசம் பக்கத்து அலுவலகம் ஒன்றிலிருந்து, புதிதாக வாங்கிய கணினி டொமைனில், அதாவது அலுவலகக் கணினிகளையும் பயனர்களையும் ஒரே சர்வரிலிருந்து நிர்வகிக்கும் அமைப்பில், சேரவில்லை என்று அழைத்தார்கள். எனக்கு முன்பு பார்த்தவர் சர்வரில்தான் கோளாறு என்றும், அதையே ஃபார்மேட் செய்துவிடலாம் என்றும் சொல்லியிருந்தார். அந்த சர்வரில்தான் அவர்களுடைய கணக்கு முழுவதும் இருந்தது.

புதிய கணினியில் இணையம் வேலை செய்தது. சர்வரின் ஐபி எண்ணுக்கு (வலையில் அதன் முகவரி எண்) பிங் என்ற சோதனைச் செய்தியை அனுப்பினால் பதிலும் வந்தது. ஆனாலும் டொமைன் பெயரைக் கொடுத்தவுடன், டொமைன் கன்ட்ரோலரை (டொமைனை நடத்தும் சர்வரை) தொடர்புகொள்ள முடியவில்லை என்ற செய்தியே திரும்பத் திரும்ப வந்தது. இணையமும் பிங்கும் சரியாக இருக்கும்போது இந்தச் செய்தி வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது, பெயரைச் சொன்னால் ஐபி எண்ணைத் தரும் டிஎன்எஸ்ஸைத்தான். டொமைனில் சேர விரும்பும் கணினி, டொமைன் கன்ட்ரோலர் எங்கே இருக்கிறது என்பதை டிஎன்எஸ்ஸில் உள்ள எஸ்ஆர்வி பதிவுகளை (ஒரு சேவையை எந்த சர்வர் தருகிறது என்று காட்டும் பதிவுகள்) கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறது. அலுவலகத்துக்குள் மட்டும் வழங்கும் அந்தப் பெயரை வெளியே உள்ள, கூகுளின் 8.8.8.8 போன்ற டிஎன்எஸ்ஸிடம் கேட்பது, நம் தெருவில் இருப்பவர் வீட்டை வெளியூர்க்காரரிடம் விசாரிப்பதைப் போன்றது.

'ஐபிகான்ஃபிக் /ஆல்' கட்டளையைக் கொடுத்துப் பார்த்தபோது டிஎன்எஸ் இடத்தில் சர்வரின் எண் இல்லை, ரௌட்டரின் எண் இருந்தது. அண்மையில் ஃபைபர் இணைப்புக் கொடுக்க வந்தவர்கள் புதிய ரௌட்டரை வைத்துச் சென்றிருக்கிறார்கள். அதுவே எல்லாக் கணினிகளுக்கும் ஐபி எண்ணை வழங்கத் தொடங்கிவிட்டது. பழைய கணினிகளில் டிஎன்எஸ் எண்ணைக் கையாலேயே பதித்திருந்ததால் அவற்றில் எந்த வேறுபாடும் தெரியவில்லை. புதிய கணினியில் சர்வரின் எண்ணைப் பதித்தேன். அப்போதும் சேரவில்லை.

இந்த இடத்தில் பலர் மனம் சோர்ந்து விண்டோஸை மறுபடி நிறுவப் போய்விடுகிறார்கள். தயவுசெய்து அதற்கு முன் 'என்எஸ்லுக்அப்' என்று தட்டி, வரும் முதல் இரண்டு வரிகளைப் படியுங்கள். அங்கே 192.168 என்று தொடங்கும் எண் வரவில்லை; முக்காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்ட நீண்ட ஐபிவி6 (புதிய வகை ஐபி) முகவரி ஒன்று வந்தது. நான் திருத்தியது பழைய வகையான ஐபிவி4 பக்கத்தை மட்டுமே. ரௌட்டரோ ஐபிவி6 வழியாகவும் தன்னையே டிஎன்எஸ் என்று அறிவித்துக்கொண்டிருந்தது, கணினியும் அதனிடமே முதலில் கேட்டது. விண்டோஸில் ஐபிவி6ஐயே அணைத்துவிடுவது சிலர் சொல்லும் வழி. மைக்ரோசாஃப்ட் அதைப் பரிந்துரைப்பதில்லை, நானும் செய்வதில்லை. ரௌட்டரின் அமைப்புக்குள் சென்று அந்த அறிவிப்பை நிறுத்தினேன். பிறகு 'ஐபிகான்ஃபிக் /ஃப்ளஷ்டிஎன்எஸ்' கொடுத்து, முன்பு கிடைத்த 'இல்லை' என்ற பதில் நினைவில் தங்காதபடி நீக்கியதும் கணினி உடனே டொமைனில் சேர்ந்தது.

ரௌட்டரில் ஐபி எண்களை வழங்கும் டிஹெச்சிபியையும் நிறுத்தி அந்தப் பணியை சர்வரிடமே ஒப்படைத்தேன். வெளி இணையப் பெயர்களுக்கு சர்வரின் டிஎன்எஸ்ஸில், தனக்குத் தெரியாத பெயர்களை வெளி டிஎன்எஸ்ஸிடம் கேட்டுச் சொல்லும் ஃபார்வர்டர் அமைத்தால் போதும். 'இரண்டாவது டிஎன்எஸ்ஸாக 8.8.8.8 இருக்கட்டுமே' என்று கேட்பவர்களிடம் நான் உறுதியாக மறுத்துவிடுவேன். சர்வர் பதில் தரச் சற்றுத் தாமதமானால் கணினி இரண்டாவதிடம் போய்விடும், அது அப்படியொரு பெயரே இல்லை என்று சொல்லிவிடும்; சில நாள் வேலை செய்து சில நாள் செய்யாத இந்தக் கோளாறைக் கண்டுபிடிப்பது மிகவும் கடினம்.

திருவாரூரிலிருந்து ஓர் உறுப்பினர்:

கும்பகோணத்து நண்பர் எழுதியதோடு நேரத்தையும் பார்க்கச் சொல்வேன். டொமைனில் அடையாளத்தைச் சரிபார்க்கும் கெர்பரோஸ், கணினிக்கும் டொமைன் கன்ட்ரோலருக்கும் இடையே இயல்பாக 5 நிமிட வேறுபாட்டைத்தான் பொறுத்துக்கொள்ளும். கஜா புயல் 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த பிறகு எங்கள் பக்கத்தில் பல ஊர்களில் நாள்கணக்காக மின்சாரம் இல்லை. அப்படி மின்சாரமின்றிக் கிடந்த பழைய கணினிகளில் சிஆர்2032 பேட்டரி தீர்ந்து கடிகாரம் பின்னுக்குப் போயிருந்தது. அதைக் கண்டுபிடிப்பது எளிது, திரையில் ஆண்டே தவறாக இருக்கும்.

கடினமானது வேறொன்று. திருத்துறைப்பூண்டி அருகே ஓர் அரிசி ஆலை அலுவலகத்தில் கணினியின் கடிகாரமும் சுவர்க் கடிகாரமும் ஒன்றாகவே காட்டின. ஆனால் நேர மண்டலம் அமெரிக்கப் பசிபிக் பகுதி என்று இருந்தது. விண்டோஸை நிறுவியவர் அதை மாற்றாமல் மணியை மட்டும் கையால் திருத்தியிருந்தார். கெர்பரோஸ் ஒப்பிடுவது உலகப் பொது நேரத்தை; அந்தக் கணக்கில் அந்தக் கணினி பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேலாக விலகி நின்றது. மண்டலத்தை இந்தியாவுக்கு, அதாவது +5:30க்கு, மாற்றி மணியையும் சரிசெய்ததும் சேர்ந்துவிட்டது.

மன்னார்குடியிலிருந்து ஓர் உறுப்பினர்:

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்ததால் பல அலுவலகங்கள் புதிய கணினிகளை வாங்கின. அவற்றுக்குப் பழைய கணினியின் பெயரையே வைக்கும்போது, அதே பெயரில் கணக்கு ஏற்கெனவே இருக்கிறது, மறுபடி பயன்படுத்துவது தடுக்கப்பட்டது என்ற செய்தி வரும். இந்தத் தடை 2022 அக்டோபர் புதுப்பிப்போடு வந்தது. பழைய கணினி இனித் தேவையில்லை என்று உறுதிசெய்துகொண்டு ஆக்டிவ் டைரக்டரியில் (டொமைனின் கணக்குகள் இருக்கும் பட்டியல்) அதன் கணக்கை நீக்கலாம், அல்லது வேறு பெயர் வைக்கலாம்.

வாங்கும் முன்பே ஒன்றைக் கவனியுங்கள். விலை குறைந்த மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸ் ஹோம் பதிப்புதான் இருக்கும். அதில் டொமைனில் சேரும் வசதியே கிடையாது. புரோ பதிப்புக்கு ஆகும் செலவையும் சேர்த்து விலைப்புள்ளி கேளுங்கள்.