"ஏ" சான்றிதழ் (18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும்) பெற்ற படத்துக்குப் பிள்ளையோடு போய் வாசலில் நின்ற அனுபவம் உண்டா? சொல்லுங்கள்

போரூர் அப்பா:

2025 ஆகஸ்ட் 16, சனிக்கிழமை. சுதந்திர தினத்தோடு சேர்ந்து வந்த தொடர் விடுமுறை. என் மகனுக்கு 15 வயது, பத்தாம் வகுப்பு. ரஜினி படம் என்றால் எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையும் கிளம்பும். என் அம்மாவுக்கு 71. 'கூலி'க்கு நான்கு டிக்கெட் ஆன்லைனில் எடுத்தேன். பணம் கட்டும் முன் ஒரு பெட்டி வந்தது, 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும் என்று. சீட் போய்விடுமோ என்ற அவசரத்தில் படிக்காமலே 'ஓகே' தட்டிவிட்டேன். அது என் தவறுதான், மறைக்க விரும்பவில்லை.

மாலில் மூன்றாவது மாடி. பையைச் சோதித்துத் தண்ணீர் பாட்டிலை எடுத்து வைத்துக்கொண்டார்கள். அடுத்து டிக்கெட் ஸ்கேன் செய்கிற பெண், இருபது வயதுதான் இருக்கும். என் போனைக் காட்டினேன், பச்சை விளக்கு எரிந்தது. அப்புறம்தான் நிமிர்ந்து மகனைப் பார்த்தார்.

"தம்பி, ஐடி இருக்கா?"

"என் பையன்தாம்மா, நான் கூடவே இருக்கேன்" என்றேன்.

"அப்பா அம்மா கூட வந்தாலும் ஏ படத்துக்கு விட முடியாது சார்."

சத்தியமாக அந்த நிமிடம் வரை எனக்குத் தெரியாது. பெற்றோர் கூட இருந்தால் போதும் என்றுதான் நினைத்திருந்தேன். அது யுஏ படத்துக்குத்தான் என்று அங்கே நின்றுகொண்டு தெரிந்துகொண்டேன். மேனேஜர் வந்தார். பின்னால் வரிசை நீண்டது. யாரோ ஒருவர் போனைத் தூக்கிப் படம் பிடிக்க ஆரம்பித்தார். என் மகன் அன்றைக்கு என் அம்மா வாங்கித் தந்த தலைவர் படம் போட்ட டி-ஷர்ட் போட்டிருந்தான். அந்தப் படம் மறைகிற மாதிரி இரண்டு கையையும் நெஞ்சோடு கட்டிக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டு நின்றான். அதை என்னால் மறக்க முடியவில்லை.

"நான் புள்ளையோட இருக்கேன், நீங்க ரெண்டு பேரும் போங்கடா" என்றார் அம்மா. யாரும் போகவில்லை. டிக்கெட் பணமும் திரும்பி வரவில்லை.

விதி தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. தணிக்கையில் இருந்தவர்கள் வன்முறை அதிகம் என்று ஏ கொடுத்தார்கள். சில காட்சிகளை வெட்டினால் யுஏ தருவதாகச் சொன்னபோது தயாரிப்புத் தரப்பு வெட்டாமல் ஏ-வையே எடுத்துக்கொண்டது. பிறகு யுஏ கேட்டு உயர் நீதிமன்றம் போனார்கள், அந்த மாத இறுதியிலேயே மனு தள்ளுபடி ஆனது. எல்லாம் செய்தியில் வந்ததுதான். என் வருத்தம் வேறு. வயது பற்றிய அறிவிப்பு ஒரு ஏ4 தாளில், பாப்கார்ன் விலைப் பலகைக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தது. அதே தாளைக் கீழே லிஃப்ட் வாசலில் ஒட்டியிருந்தால் என் பிள்ளை நாற்பது பேர் முன்னால் அப்படி நிற்க வேண்டி வந்திருக்காது.

உங்களுக்கு இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள். வாசலில் வேலை பார்த்தவர்கள் இருந்தால் அவர்களும் எழுதுங்கள்.

வாசலில் நின்றவன்:

அண்ணா, நான் அந்தப் பக்கம் நின்றவன். வடசென்னையில் ஒரு பழைய தியேட்டரில் இரண்டு வருடம் டிக்கெட் கிழித்தேன். அப்புறம் ஒரு மல்டிபிளக்ஸில் மூன்று வருடம். உங்கள் மகனை நிறுத்திய பெண்ணின் நிலைமையை நான் சொல்கிறேன், கோபப்படாமல் கேளுங்கள்.

1952-ம் வருட சினிமா சட்டப்படி ஏ படத்தை 18 நிரம்பாதவருக்குக் காட்டினால் தண்டனை படம் காட்டியவருக்கு. பார்த்த பையனுக்கோ கூட்டி வந்த அப்பாவுக்கோ எதுவும் இல்லை. அதனால்தான் "எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்" என்று பெற்றோர் சொல்வதை எங்களால் ஏற்க முடியாது. மாட்டினால் லைசென்ஸ் முதலாளியுடையது, வேலை எங்களுடையது.

நாங்கள் எப்படிப் பார்ப்போம் என்றும் சொல்கிறேன். வயது என்ன என்று கேட்கவே மாட்டோம். "எந்த வருஷம் பொறந்தே?" என்று கேட்போம். பதினெட்டு என்று பதில் சொல்லப் பையன்கள் தயாராக வருவார்கள், வருடத்தைக் கேட்டதும் ஒரு விநாடி கண் மேலே போகும். அந்த ஒரு விநாடி போதும். காலேஜ் ஐடியில் பல நேரம் பிறந்த தேதியே இருக்காது. பழைய ஆதார் சிலவற்றில் வருடம் மட்டும்தான் இருக்கும். அந்த வருடம் 18 ஆகிற பிள்ளை என்றால் பிறந்த நாள் தாண்டியதா இல்லையா என்று எங்களுக்கே தெரியாது. போனில் ஆதார் போட்டோ காட்டுகிறவர்களிடம் அரசின் ஆவணச் செயலியான டிஜிலாக்கரைத் திறக்கச் சொல்வோம். போட்டோவில் ஒரு எண்ணை மாற்றுவது அவர்களுக்கு அஞ்சு நிமிட வேலை.

கைக்குழந்தையோடு வருபவர்கள் சண்டை போடுவார்கள். மூன்று வயதுக்குக் கீழ் உள்ள குழந்தையைப் பெற்றோர் தூக்கி வந்தால் சட்டப்படி குற்றம் இல்லை, அது சரி. ஆனாலும் அந்தச் சத்தத்துக்கு நடுவில் குழந்தையை உட்கார வைக்க எனக்கு மனசு வராது.

ஒரு விஷயம் மட்டும் ஒத்துக்கொள்கிறேன் அண்ணா. எனக்குச் சொல்லிக்கொடுத்த சீனியர், பிள்ளையை நிறுத்தும்போது குரலை உயர்த்தக் கூடாது, தோளைத் தொட்டுக் கொஞ்சம் ஓரமாக அழைத்துப் போய்ச் சொல்ல வேண்டும் என்பார். கூட்டம் அதிகமானால் அது முதலில் போய்விடும். உங்கள் பிள்ளைக்கு அது நடந்ததற்கு வருத்தப்படுகிறேன்.

பத்தொன்பது ஆச்சு:

எனக்கு நேர் எதிர். 18 முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. நான் நாலடி பத்தங்குலம், முகமும் சின்னது. காலேஜ் தோழிகள் ஐந்து பேரோடு போனேன், என்னை மட்டும் நிறுத்தினார்கள். ஆதார் ஹாஸ்டலில், போனில் சார்ஜ் மூன்று சதவீதம், டிஜிலாக்கரில் ஓடிபி வருவதற்குள் அணைந்துவிட்டது. "நீங்க போங்கடி" என்று அனுப்பிவிட்டு ஃபுட் கோர்ட்டில் இரண்டே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் வெளியே வந்து படத்தைப் பற்றி என் முன்னால் ஒரு வார்த்தை பேசவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. இப்போதெல்லாம் கேட்பதற்கு முன்னாலேயே அட்டையை நீட்டிவிடுகிறேன்.

மேடவாக்கம் அம்மா:

யாரும் நிறுத்தாததால் வந்த அனுபவம் என்னுடையது. என் மகளுக்கு அப்போது 12. யுஏ படம்தானே என்று கூட்டிப் போனேன். உள்ளே போய் உட்கார்ந்து, படம் தொடங்கும் முன் பத்து விநாடி சான்றிதழ் காட்டுவார்கள் இல்லையா, அதில்தான் யுஏ 16+ என்று பார்த்தேன். 2023 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு யுஏ என்பது 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிந்திருப்பது தெரியும். ஆனால் டிக்கெட் எடுக்கும்போது அந்த எண்ணைக் கவனிக்கும் பழக்கம் எனக்கு வரவில்லை.

16+ என்றாலும் வாசலில் தடுக்க மாட்டார்கள். அந்த எண் பெற்றோருக்கான வழிகாட்டல் மட்டும்தான், முடிவு நம்முடையது. இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கடத்தல் காட்சி. என் துப்பட்டா நுனி இழுபடுவது போல் இருந்தது, திரும்பிப் பார்த்தால் மகள் அதை முகத்தோடு சேர்த்துச் சுருட்டிப் பிடித்திருந்தாள். எழுந்து வந்துவிட்டோம். "சாரிம்மா, உன் காசு போச்சு" என்றாள் ஆட்டோவில். நான்தான் அவளிடம் சாரி கேட்டிருக்க வேண்டும். அன்று இரவு கேட்டேன்.

அதனால் போரூர் சார், உங்களை நிறுத்த ஒரு பெண்ணாவது வாசலில் இருந்தார். யுஏவுக்கு வாசல்காரர் நாம்தான்.

மவுண்ட் ரோடு ரசிகர்:

எனக்கு 59. நான் பையனாக இருந்தபோது எல்லா வயதினரும் பார்க்கலாம் என்கிற யு, அப்புறம் ஏ, இந்த இரண்டும்தான் பெரும்பாலும் நாங்கள் கண்டது. யுஏ 1983-ல்தான் வந்தது. 16 வயதில் அப்பாவின் வேட்டியைக் கட்டிக்கொண்டு மவுண்ட் ரோடு பக்கம் ஒரு காலைக் காட்சிக்குப் போனேன். டிக்கெட் கிழிப்பவர் என் காலைப் பார்த்தார், பள்ளிக்கூடத்து கறுப்பு ஷூ. ஒன்றும் சொல்லாமல் டிக்கெட்டைக் கவுன்ட்டரில் கொடுத்துக் காசை வாங்கி என் கையில் வைத்து அனுப்பினார். அந்த மனிதரை நன்றியோடு நினைக்கிறேன்.

இன்றைய பெற்றோருக்கு ஏ என்றால் என்னவென்று மறந்துபோனதற்கு ஒரு காரணம் சொல்லலாம். 2011-லிருந்து 2017-ல் ஜிஎஸ்டி வரும் வரை நம் மாநிலத்தில் கேளிக்கை வரி விலக்கு வேண்டும் என்றால் தமிழ்ப் பெயரோடு யு சான்றிதழும் வேண்டும். படம் எடுத்தவர்கள் வெட்டியாவது யு வாங்கினார்கள். பெரிய நடிகர் படம் என்றால் குடும்பத்தோடு போகலாம் என்று நாமும் பழகிவிட்டோம்.

போரூர் அப்பா:

எல்லோருக்கும் நன்றி. வாசலில் நின்ற தம்பி எழுதியதை மகனிடம் படித்துக் காட்டினேன். "அந்த அக்கா மேல தப்பு இல்லப்பா, அப்பவே தெரியும்" என்றான்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். நான்கே வாரத்தில் அந்தப் படம் ஓடிடிக்கு வந்தது. "இப்ப நம்ம வீட்டு டிவியில பாக்கலாமாப்பா?" என்று கேட்டான். அங்கேயும் 18+ என்றுதான் போட்டிருந்தது, ஆனால் வாசலில் நிற்க அந்தப் பெண் இல்லை. என்ன சொல்வது என்று தெரியாமல் இரண்டு நாள் இழுத்தேன். அவன் தூங்கிய பிறகு நானும் மனைவியும் முழுப் படத்தையும் பார்த்தோம். காலையில் அவனை உட்கார வைத்து, எந்த இடங்கள் வேண்டாம் என்று நினைக்கிறோம், ஏன் வேண்டாம் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் விவாதித்தான். அப்புறம், "சரி, இன்னும் மூணு வருஷம்தானே" என்று எழுந்து போனான். டிவியில் பின் நம்பர் போட்டுவிட்டேன், அவனுக்குத் தெரிந்தேதான்.

போன ஞாயிறு இன்னொரு படத்துக்கு டிக்கெட் எடுக்க உட்கார்ந்தேன். பக்கத்தில் வந்து நின்றவன் என் கையிலிருந்து போனை வாங்கி, சீட் பக்கம் போகாமல் முதலில் மேலே தள்ளிப் பார்த்தான். "யுஏ 13+. போலாம்ப்பா, பாட்டிக்கும் சேத்து எடு."