வேலை சரி, நேர்சரிக் காசுக்கு எங்கே போவது?

குழு: எங்கட ஆக்கள், லண்டன்
2025 அக்டோபர், ஞாயிறு (இதில் வரும் தொகைகள் அந்த வருடத்தவை)

நான்: எல்லாருக்கும் ஒரு செய்தி. சூப்பர்மார்க்கெட் வேலை கிடைத்துவிட்டது. கிழமைக்கு 20 மணித்தியாலம், மணிக்கு 12.21 பவுண்ஸ். நவம்பர் நடுவில் தொடங்க வேண்டும்.

சின்னம்மா: என்ர செல்லம்! முருகன் கண் திறந்திட்டான் 🙏

பெரியக்கா: சந்தோசம் பிள்ளை. சின்னவனை யார் பார்ப்பது? ஒன்றரை வயதுதானே.

நான்: அதுதான் அக்கா. பக்கத்து நேர்சரியில் இடம் இருக்கிறது. டிப்பொசிட்டும் முதல் மாதக் காசும் முன்கூட்டியே கட்டச் சொல்கிறார்கள். சம்பளம் டிசம்பரில்தான் வரும். அதோடு, சம்பளம் வந்தால் அரசாங்கம் தருகிற யூனிவர்சல் கிரெடிட் (யூசி) உதவிக் காசை நிறுத்திவிடுவார்களோ என்று பயம். வேலை வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?

மச்சாள்: ஐயோ, அப்படி மட்டும் சொல்லிவிடாதீங்கோ! மகள் கைக்குழந்தையாக இருந்தபோது இந்த முதல் பில்லைக் கட்ட வழியில்லாமல் நல்ல வேலை ஒன்றை நான் விட வேண்டி வந்தது. உங்களுக்கு அது நடக்கக் கூடாது.

மச்சாள்: யூசி நிற்காது. வாடகைக்கும் சேர்த்துத்தானே எடுக்கிறீங்கள்? மாதச் சம்பளத்தில் முதல் 411 பவுண்ஸைத் தொடவே மாட்டார்கள். அதற்கு மேல் வருகிற ஒவ்வொரு பவுணுக்கும் 55 பென்ஸ் குறைப்பார்கள். கையில் 1,055 அளவில் வந்தால் யூசியில் 354 குறையும். மிச்சம் 700 பவுண்ஸ் உங்களுக்குத்தான்.

மச்சாள்: இன்னொன்று. லண்டனில் பிள்ளையோடு இருக்கிறவர்களுக்கு உதவிக் காசு எல்லாம் சேர்த்து மாதம் 2,110.25 பவுண்ஸுக்கு மேல் தராமல் வெட்டுகிறார்கள். உங்களுக்கும் அப்படி வெட்டு விழுகிறது என்று சொன்னீங்கள். சம்பளம் மாதம் 846ஐத் தொட்டால் அந்த வெட்டே கிடையாது.

நான்: இதை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

பெரியக்கா: அப்போ நேர்சரிக் காசு?

மச்சாள்: 85 வீதத்தை யூசி தரும், ஒரு பிள்ளைக்கு மாதம் 1,031.88 வரை. ஆனால் நாங்கள் கட்டி ரசீதை ஏற்றின பிறகுதான் தருவார்கள். முதல் பில்லுக்கு அதுதான் இடிக்கும். அதற்காகத்தான் ஜொப்சென்டரில் உங்களைக் கவனிக்கிற வேர்க் கோச்சிடம் ஃபிளெக்சிபிள் சப்போர்ட் ஃபண்ட் என்ற உதவி நிதி இருக்கிறது. கடன் இல்லை, திருப்பிக் கொடுக்கத் தேவையில்லை. தருவதா இல்லையா என்பது அவர்களின் முடிவுதான், ஆனால் வாய் திறந்து கேட்க வேண்டும். காசைக் கட்டுவதற்கு முதல் கேளுங்கோ.

நான்: என்னவென்று கேட்பது?

மச்சாள்: இன்றைக்கே யூசி இணையக் கணக்கில் இருக்கிற ஜேர்னலில் எழுதுங்கோ. "நவம்பரில் வேலை தொடங்குகிறேன். தனியாகப் பிள்ளை வளர்க்கிறேன். நேர்சரி டிப்பொசிட்டும் முதல் மாதக் கட்டணமும் கட்ட வசதி இல்லை. ஃபிளெக்சிபிள் சப்போர்ட் ஃபண்டில் உதவி வேண்டும்." இவ்வளவும் போதும். ஆங்கிலத்தில் நான் எழுதி அனுப்புகிறேன். நேரில் கதைக்கப் பயமாக இருந்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம், அதற்குக் காசு இல்லை.

சின்னம்மா: ஏன் இவ்வளவு கரைச்சல்? நான் பிள்ளையைப் பார்க்கிறன். அந்தக் காசை எனக்குத் தரட்டுமே.

மச்சாள்: மாமி, நேர்சரிகளைக் கண்காணிக்கிற ஒஃப்ஸ்டெட்டில் பதிந்த இடமென்றால்தான் யூசி காசு தரும். சொந்தக்காரர் பார்த்தால் கணக்கில் வராது. ஆனால் விடியக்காலை ஷிப்ட் வந்தால் நேர்சரி திறக்கும் வரைக்கும் நீங்கள்தான் கைகொடுக்க வேண்டும்.

சின்னம்மா: அதுக்கென்ன, 6 மணிக்கே வந்து நிற்பன்.

பெரியக்கா: நேர்சரியில் கிழமைக்கு 30 மணித்தியாலம் இலவசம் என்றார்களே?

மச்சாள்: ஓம், இந்த செப்டம்பரில் இருந்து 9 மாதப் பிள்ளைக்கும் உண்டு. கிழமைக்கு 195 பவுண்ஸ் சம்பளம் இருந்தால் சரி. ஆனால் அடுத்த தவணையில்தான் தொடங்கும். இணையத்தில் விண்ணப்பித்து டிசம்பர் 31க்குள் அதற்கான கோட் இலக்கத்தை எடுத்தால் ஜனவரியில் கிடைக்கும், பிந்தினால் ஏப்ரல்தான். வருடத்தில் 38 கிழமைக்குத்தான் அது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இணையத்தில் உறுதிசெய்யவும் வேண்டும், ஃபோனில் அலாரம் வையுங்கோ.

மச்சாள்: கவனம்! அதே விண்ணப்பத்தில் டாக்ஸ் ஃப்ரீ சைல்ட்கேர் என்ற இன்னொரு பிள்ளைப் பராமரிப்பு உதவியும் வேண்டுமா என்று கேட்கும். எடுக்காதீங்கோ. யூசியோடு சேர்த்து அதை எடுக்க முடியாது.

பெரியக்கா: பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் வேலையில் என்ன சொல்வது?

மச்சாள்: அவசரத்துக்கு லீவு எடுக்க முதல் நாளில் இருந்தே உரிமை உண்டு, சம்பளம் தர மாட்டார்கள். நேரத்தை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கவும் 2024 ஏப்ரலில் இருந்து முதல் நாளே உரிமை உண்டு. சந்தேகம் வந்தால் ஜிஞ்சர்பிரெட் உதவி எண்ணுக்கு எடுங்கோ, தனியாகப் பிள்ளை வளர்க்கிறவர்களுக்கென்றே இருக்கிற அமைப்பு.

நான்: ஜேர்னலில் போட்டுவிட்டேன் மச்சாள். வேலைக்கும் ஓம் என்று சொல்லிவிட்டேன்.

செவ்வாய்

நான்: வேர்க் கோச் வியாழன் 11 மணிக்கு வரச் சொல்கிறா. வேலைக் கடிதமும் நேர்சரி பில்லும் கொண்டு வரட்டாம்.

மச்சாள்: நேர்சரியின் ஒஃப்ஸ்டெட் இலக்கத்தையும் வாங்கிக்கொண்டு போங்கோ, கேட்பார்கள்.

பெரியக்கா: வியாழன் எனக்கு லீவு. சின்னவனை என்னிடம் விட்டிட்டுப் போ பிள்ளை.