மறு: "ஆதரிக்கப்படாத தளம்" வேண்டாம், திணை என்று வைக்கலாம்

அனைவருக்கும் வணக்கம்.

இந்த இழையில் இத்தனை நாள் நான் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. நாம் தமிழாக்கும் கணினிக் கருவியின் பிழைச்செய்தியில் "தளம்" என்பதற்குப் பதிலாக மேலூர் அம்மா சொன்ன "திணை" என்ற சொல்லைப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தேன். போன ஞாயிறு வகுப்பில் கொடுத்துப் பார்த்தாயிற்று. கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

இந்தப் பேச்சு எங்கிருந்து கிளம்பியது என்று பரமக்குடித் தம்பி கேட்டிருந்தார். என் வகுப்புக்குத் திருமங்கலம் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஒரு மாணவி வருகிறார். பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு. பள்ளிப்படிப்பு முழுக்கத் தமிழ்வழி. வீட்டில் மடிக்கணினி கிடையாது. அண்ணன் வாங்கிக் கொடுத்த ராஸ்பெரி பை 4 என்ற கையளவுக் கணினி ஒன்றைப் பழைய டிவியில் மாட்டி அதில்தான் எல்லாம் எழுதிப் பழகுகிறார். நாம் தமிழாக்கிக்கொண்டிருக்கும், கட்டளை தட்டி இயக்கும் கட்டளைவரிக் கருவியை அதில் நிறுவப் பார்த்திருக்கிறார். அதை நிறுவித்தரும் நிரல், அதாவது நிறுவி, நாலு வரி ஓடிவிட்டு, நம் கைப்பட எழுதிய இந்த வரியைக் காட்டி நின்றுவிட்டது:

பிழை: ஆதரிக்கப்படாத தளம்

அதைப் படித்துவிட்டு அவர் என்னிடம் கேட்டது: "சார், எந்த வெப்சைட்டைத் தடை பண்ணியிருக்காங்க?"

அவர் மேல் தவறே இல்லை. தளம் என்றால் இன்றைக்குத் தமிழ் படிக்கிற யாருக்கும் முதலில் தோன்றுவது இணையதளம்தான். ஆதரிக்கவில்லை என்றால் யாரோ எதிர்க்கிறார்கள், அல்லது கைவிட்டுவிட்டார்கள். ஆதரவற்றோர் இல்லம் என்று பலகையில் படித்து வளர்ந்தவர்களுக்கு அந்தச் சொல் வேறு எப்படிக் கேட்கும்? மூலத்தில் இருந்த "அன்சப்போர்ட்டட் பிளாட்ஃபார்ம்" என்ற இரண்டு சொல்லுக்கும் அகராதியைப் பார்த்துச் சரியாகத்தான் நிகர் வைத்தோம். ஆனால் வரி முழுக்கப் பொய்யாகிவிட்டது.

அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவர் அதோடு விடவில்லை. கட்டளைகளை வரிசையாக ஓட்டி அதே கருவியை இறக்கித்தரும் ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்று இருக்கிறதே, அதை ஓட்டினார். அது ஒரு குறையும் சொல்லாமல் கோப்பை இறக்கி வைத்தது. ஓட்டிப் பார்த்தால், "அப்படி ஒரு கோப்போ அடைவோ இல்லை" என்கிறது பாஷ், அதாவது நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல். கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையைப் போட்டால் கோப்பு இருக்கிறது. இயக்க அனுமதியும் இருக்கிறது. "கண்ணு முன்னாடி கெடக்கு சார், இல்லைங்குது" என்று அவர் திரையைக் காட்டியபோது எனக்கும் உடனே பிடிபடவில்லை.

இரண்டு கட்டளைகள் போட்டதும் புரிந்தது. இயங்குதளத்தின் மையநிரலான கெர்னல் எந்த வகை என்று சொல்லும் யூநேம் -எம் "ஏஆர்ச்64" என்றது, அதாவது 64 பிட். மற்ற நிரல்கள் எத்தனை பிட் என்று சொல்லும் கெட்கான்ஃப் லாங்_பிட் "32" என்றது. அவர் போட்டிருந்தது 32 பிட் ராஸ்பெரி பை ஓஎஸ். ஆனால் 2023-இல் வந்த மாற்றத்துக்குப் பிறகு, பை 4-இல் அந்த 32 பிட் ஓஎஸ்ஸிலேயே கெர்னல் மட்டும் 64 பிட்டாக ஏறுகிறது. நூலகங்கள், நிரல்கள் எல்லாம் பழைய 32 பிட்தான். ஸ்கிரிப்ட் கெர்னலைக் கேட்டு 64 பிட் கோப்பை இறக்கிவிட்டது. நிறுவியோ தன்னை ஓட்டிக்கொண்டிருந்த நோட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் இயக்கி 32 பிட் என்று பார்த்து, பட்டியலில் இல்லை என நின்றுவிட்டது. ஒரே பெட்டியிடம் இரண்டு பேர் விசாரித்து இரண்டு பதில் வாங்கிவந்த கதை.

இல்லை என்று சொன்ன கோப்பும் அவர் இறக்கிய கோப்பு அல்ல. ஒரு நிரலை ஓட்டுமுன், அதற்கு வேண்டிய நூலகங்களை நினைவகத்தில் ஏற்றிவைக்க எல்டி-லினக்ஸ் என்று தொடங்கும் ஒரு சிறு நிரல் வேண்டும். அதன் முழுப் பாதையும் இயக்கக் கோப்புக்குள்ளேயே எழுதியிருக்கும். 64 பிட்டுக்கான அந்த ஏற்றி இவர் கணினியில் கிடையாது. கெர்னல் அதைத் தேடிக் காணாமல் 2 என்ற பிழை எண்ணைத் திருப்புகிறது. அந்த எண்ணுக்கு உரிய வாசகம் ஒன்றே ஒன்றுதான். எந்தக் கோப்பு இல்லை என்று அது சொல்வதில்லை. ராஸ்பெரி பை ஓஎஸ்ஸுக்கு அடிப்படையான டெபியன் லினக்ஸின் 12-ஆம் பதிப்பில் வரும் பாஷ் இந்த இடத்தில் "தேவைப்படும் கோப்பு கிடைக்கவில்லை" என்ற பொருளில் திருத்திச் சொல்கிறது. ஒரே ஒரு வாசகத்தை மாற்றினார்கள், எத்தனை பேருடைய அரைநாள் மிச்சம் பாருங்கள். அவரிடம் இருந்தது அதற்கு முந்தைய பதிப்பு.

கடைசியில் கருவியின் மூலநிரலை எடுத்து, தன் கணினியிலேயே ஓடும் நிரலாகத் தொகுத்தார். நாலு வேலையை ஒரே நேரத்தில் ஓட்டச் சொல்லும் மேக் -ஜே4 போட்டபோது 2 ஜிபி நினைவகம் போதாமல் பாதியில் கெர்னலே வேலையைக் கொன்றுவிட்டது. -ஜே1 என்று குறைத்து, ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஓடவிட்டார். அவர்கள் வீட்டில் மல்லிகைத் தோட்டம். விடியுமுன் பூ எடுக்கக் கிளம்பும்போது டிவியைப் போட்டுப் பார்த்தால் தொகுப்பு முடிந்திருக்கிறது. கருவி இன்றுவரை அதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்போது சொல்லுக்கு வருகிறேன்.

> கோவை அண்ணன் எழுதியது: "ஒவ்வாத் தளம்" என்பது சுருக்கமாக இருக்கிறது. ஒவ்வாமை எல்லாருக்கும் தெரிந்த சொல்.

அண்ணா, சுருக்கம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒவ்வாது என்றால் சேரவே சேராது என்று ஆகிவிடும். 64 பிட் கோப்பு அந்த 32 பிட் அமைப்பில் நின்றதே, அது ஒவ்வாமை. அந்தச் சொல்லை அதற்கு வைத்துக்கொள்வோம். நிறுவி சொல்ல வந்தது வேறு. "இதில் நாங்கள் ஓட்டிப் பார்க்கவில்லை. ஓடினாலும் ஓடலாம். உடைந்தால் எங்களிடம் வராதீர்கள்." இதில் ஓடாது என்ற சொல்லே கிடையாது. அந்தப் பெண் நம் வரியை நம்பித் திரும்பிப் போயிருந்தால், ஓடக்கூடிய ஒன்றை ஓடாது என்று நாம் சொல்லிக் கெடுத்தவர்களாக ஆகியிருப்போம். எனக்கு உறுத்துவது இதுதான்.

> உசிலம்பட்டி ஐயா எழுதியது: பட்டா இல்லாத நிலம் மாதிரி. "புறம்போக்குத் தளம்" என்றே சொல்லலாமே?

ஐயா, பொருள் அச்சாக உட்காருகிறது. பட்டா இல்லை என்பதால் அந்த மண்ணில் விளையாது என்று அர்த்தமில்லை. கணக்கில் இல்லை, அவ்வளவுதான். ஆனால் இந்தச் சொல் இன்றைக்கு மனிதரைப் பார்த்துத் திட்டுகிற சொல்லாகிவிட்டது. பிழைச்செய்தியில் வந்தால், திரைக்கு முன்னால் இருப்பவர் தன்னைத் திட்டுவதாகத்தான் எடுத்துக்கொள்வார். மனசில்லாமல்தான் விடுகிறேன்.

"ஆதரிக்கப்படாத" என்பதற்கு நான் வைப்பது "பொறுப்பேற்காத". யார் எதைச் செய்யவில்லை என்பது அதில் தெளிவாக இருக்கிறது. பொறுப்பேற்காதவர் கருவியை ஆக்கியவர். உங்கள் கணினியில் குறை இல்லை. 

அடுத்தது "தளம்". இங்கேதான் மேலூர் அம்மா திணை என்று எழுதியிருந்தார்கள். உண்மையைச் சொன்னால், முதலில் படித்தபோது அழகுக்காகச் சொல்கிறார்களோ என்று நினைத்தேன். இரண்டு நாள் மனதில் போட்டுப் பார்த்ததும் எண்ணம் மாறிவிட்டது. பொருளிலக்கணத்தில் திணை என்பது நிலம் மட்டுமா? நிலமும் பொழுதும் முதற்பொருள். அதில் பிறந்த மரம், பூ, விலங்கு, பறை, தொழில் எல்லாம் கருப்பொருள். எல்லாம் ஒன்றுக்கொன்று இசைந்து இருப்பதற்குப் பெயர் திணை. நாம் பேசிக்கொண்டிருப்பதும் அதே மாதிரியான ஒரு சேர்க்கைதான்: சில்லு, கெர்னல், சி நூலகம், ஏற்றி. இதில் ஒன்றை மட்டும் பார்த்து முடிவு சொன்னதால்தானே ஸ்கிரிப்ட் ஏமாந்தது? இயங்குதளம் என்ற சொல் இந்த மொத்தத்தையும் தாங்காது. அது ஓஎஸ்ஸுக்கே இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் பலகையில், கணினியோடு திணையைச் சேர்த்து "பொறுப்பேற்காத கணித்திணை" என்று எழுதிவிட்டு, விளக்கம் சொல்லாமல் என்ன புரிகிறது என்று கேட்டேன். "திணைன்னா குறிஞ்சி, முல்லைதானே சார்?" என்றான் ஒரு பையன். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அந்த மாணவியே, "அப்ப என் பையில கெர்னல் ஒரு திணை, மத்ததெல்லாம் வேற திணையா?" என்று கேட்டார். பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "திணைமயக்கம்!"

பத்தாம் வகுப்பைத் தாண்டாத பையன் சொன்ன சொல் அது. ஒரு திணைக்குரியது இன்னொரு திணையில் வந்து கலப்பது திணைமயக்கம். 64 பிட் கெர்னலும் 32 பிட் நூலகமும் கலந்து கிடக்கும் நிலைக்கு இதைவிடப் பொருந்தும் பெயர் எனக்குத் தெரியவில்லை. நாம் தேடாத சொல் தானாக வந்து விழுந்தது. ஒரு வேர் சரியாக அமைந்தால் அடுத்த சொற்கள் அதிலிருந்தே கிளைக்கும் என்பதற்கு இதையே சான்றாகக் காட்டுவேன்.

சென்னை நண்பர் உயர்திணை, அஃறிணையோடு குழம்பும் என்கிறார். குழப்பத்துக்கு நாம் ஏற்கெனவே செயலி என்ற சொல்லை வைத்திருக்கிறோம். சில்லுக்கும் செயலி, அலைபேசியில் போடுவதற்கும் செயலி. "இந்தச் செயலி உங்கள் செயலியில் இயங்காது" என்று நம் ஆவணத்திலேயே ஒரு வரி இருந்து, போன மாதம்தான் திருத்தினேன். அதோடு ஒப்பிட்டால் திணை எவ்வளவோ மேல். முதல் முறை வரும் இடத்தில் கணித்திணை என்று முழுதாக எழுதி, பிறகு திணை என்று சுருக்கிக்கொள்ளலாம்.

செய்தி வரிகளைக் கவனிப்பவர்களுக்கு ஒரு சின்ன விஷயம். திணையின் பெயர் நிரலிலிருந்து வந்து விழுவதால், வேற்றுமை உருபை அதன் வாலில் ஒட்ட வேண்டாம். எந்தப் பெயர் வருமென்று நமக்குத் தெரியாது, சந்தி கெட்டுப்போகும். முக்காற்புள்ளி போட்டுத் தனியாக நிறுத்திவிடலாம். நான் மாற்றி வைத்திருக்கும் வரி:

எச்சரிக்கை: இந்தக் கணித்திணைக்கு நாங்கள் பொறுப்பேற்கவில்லை: லினக்ஸ்-ஆர்ம். மூலநிரலிலிருந்து தொகுத்துப் பார்க்கலாம்.

"பிழை" என்பதை "எச்சரிக்கை" ஆக்கியது என் விருப்பம். நிறுவி அங்கேயே நின்றுவிடுவதால் அது பிழைதான் என்று யாராவது சொன்னால் மாற்றிவிடுகிறேன். மற்ற இரண்டு சொல்லுக்கும் மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். சனிக்கிழமை கோப்பைச் சேர்த்துவிட்டால், மறுநாள் வகுப்பில் அந்தப் பை 4-இலேயே ஓட்டிப் பார்த்துவிடலாம். "ஏற்றி" பற்றிப் பரமக்குடித் தம்பி தனி இழை தொடங்கினால் நல்லது. அவர் அதற்கு வேறு சொல் வைத்திருப்பதாகச் சொன்னார்.

அன்புடன்,
மதுரையிலிருந்து